சிவப்பு என்று சொன்னேன்

என் மனைவியின் வலது கண்ணைக் கெடுத்தவன் நான்.

நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தலையெழுத்து என்று அவளே சொல்கிறாள். எல்லாம் பொய்! நான்தான். கையால் குத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நாளைக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டீர்கள். அந்தத் தைரியம்தான். எனக்கு எழுத வராது, நான் லேத் ஓட்டுகிறவன். படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆறுதல் மட்டும் சொல்லாதீர்கள்... கோபம்தான் வரும்.

கோயமுத்தூர் கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் சொன்ன நாளில் இருக்காது. ஒரே ஒரு தடவை தவிர, ஒரு நாளும் இருந்ததில்லை!

யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டுங்க' என்பேன். எங்கள் பக்கத்தில் அது மரியாதையான சொல். உங்கள் முகத்துக்கு நேராக மறுக்க மாட்டேன் என்று அர்த்தம். செய்வேன் என்று அர்த்தமில்லை. வெளியூர்க்காரர்கள் இதை நம்பிக் காத்திருப்பார்கள். நானோ அந்த மரியாதைக்குள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டவன்.

என் மச்சினன் கதிர்வேல், சாந்தாமணியின் தம்பி, அவிநாசியில் இருக்கிறான். விருந்துக்கு வந்தால் என்னை வம்புக்கு இழுக்காமல் சாப்பிட மாட்டான். "மாமாகிட்ட எமனே வந்து நின்னாலும், 'ஆகட்டுங்க, அமாவாசை போகட்டும், பாக்கலாங்க'ன்னு திருப்பி அனுப்பிச்சுப்போடுவாரு!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன ஒரு பெருமை எனக்கு!

சாந்தாமணி அப்படி இல்லை. அவள் ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துப் பூவேலை செய்வது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்கள் தேடி வருவார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜாக்கெட் கையில் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அழுதுவிடும் என்று, காய்ச்சலோடு உட்கார்ந்து முடித்துக் கொடுப்பாள். அவளுக்கு வாக்கு என்றால் வாக்கு. அவளுக்கு நான் வாய்த்தேன்...

ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, வலது கண்ணுக்குள்ள மின்னல் வெட்டற மாதிரி இருக்குதுங்க. கொசு பறக்கறாப்பல கருப்பு கருப்பா என்னமோ ஓடுது."

"ரொம்ப நேரம் ஊசியையே பாத்துட்டு இருந்தா அப்படித்தான். ரெஸ்ட் எடு."

அதற்குப் பிறகும் நாட்கள் போயின. ஓரத்தில் திரை போட்டது போல நிழல் விழுகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். அதுவும் கதிர்வேல் போனில் கத்தியதால்.

கண் டாக்டரம்மா சின்ன வயது. விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "கண்ணுக்குள்ள விழித்திரை உரிஞ்சு வருதுங்க. நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டு இருக்கு. அதுவும் உரிஞ்சா, அப்புறம் நாங்க ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை பழையபடி வராது. இன்னிக்கே அட்மிட் ஆயிருங்க. நாளைக்குப் பண்ணிடலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆகட்டுங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

காரணம் சொல்லட்டுமா? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பார்ட்டிக்கு ஷாஃப்ட் கொடுக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் இழுத்தடித்த வேலை. அந்த ஆள் பட்டறைக்கே வந்து, மற்றவர்கள் முன்னால் அசிங்கமாகப் பேசிவிட்டுப் போயிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயம் என்று வாய்விட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். நேற்றே செய்ய வேண்டியதை இன்று செய்யப் போய், இன்று செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளினேன். என் வாழ்க்கை முழுக்க இந்தச் சங்கிலிதான்! ஆனால் அன்று அதன் முனையில் அவள் கண் மாட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கும் பயம். கண்ணில் கத்தி வைப்பது என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? "குலதெய்வத்துகிட்டப் பூக் கேட்டுட்டுப் போயிரலாமுங்க. உத்தரவு கெடச்சா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

எங்கள் குடும்பங்களில் இது வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. உடனே செய்ய வேண்டும். சிவப்பு வந்தால் பொறு. அடுத்த அமாவாசைக்கு வந்து மறுபடி கேள். அதுவரை அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் கோயில். மறுநாள் காலையில் போனோம். அதற்கு மட்டும் எனக்கு நேரம் இருந்தது பாருங்கள்!

அவள் மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை கூப்பி, இரண்டு கண்ணையும் இறுக மூடி நின்றாள். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கற்பூரம் பற்றவைக்கத் திரும்பினார். நான் பிரித்தேன்.

வெள்ளை.

மூன்று பூ. பனி ஈரம் காயாத வெள்ளை அரளி. இப்போதே போ என்று என் உள்ளங்கையில் கிடந்தது.

"என்னங்க வந்துது?" பூசாரி திரும்பாமலேயே கேட்டார்.

நான் கையை மூடினேன். நசுங்கிற்று... அந்த ஈரம் விரலிடுக்கில் இறங்கியது எனக்கு இன்றும் தெரிகிறது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, சில நாள் சோற்றில் கை வைக்கும்போது அந்த ஈரம் வந்துவிடுகிறது. எழுந்து கை கழுவுவேன். மறுபடி உட்கார்வேன். மறுபடி கழுவுவேன்.

"செவப்புங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா? இல்லை! வாய் தானாகச் சொன்னது. இத்தனை வருடம் எல்லோருக்கும் 'அப்புறம்' சொல்லிப் பழகிய வாய். அன்று சாமிக்கும் சொல்லிற்று.

அவள் கண்ணைத் திறந்தாள். முகம் வாடவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது... நிம்மதியாக மூச்சு விட்டாள்! "அப்பச் சரிங்க. ஆத்தா பாத்துக்குவா" என்றாள். பூசாரி விபூதி கொடுத்தார். "அமாவாசைக்கு வாங்கம்மணி, மறுக்காக் கேக்கலாம். அதுக்குள்ள தானாச் செரியாப் போனாலும் போயிரும்."

வெள்ளிக்கிழமை முடிந்ததும் ஏதாவது சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சுலபமா? நான் சொன்ன பொய்க்கு இப்போது சாமியின் பலம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஷாஃப்ட் போய்ச் சேர்ந்தது. ஆமாம், என் வாழ்க்கையில் சொன்ன நாளில் கொடுத்த ஒரே வேலை அது! சனிக்கிழமை, "போலாமா சாந்தா?" என்றேன். "சாமி பொறுங்குது, நீங்க போலாங்கறீங்க. அமாவாசைக்குக் கேட்டுட்டுத்தான்" என்றாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

கதிர்வேல் போன் செய்தான். "ஏனுங் மாமா, அக்காளச் சேத்தீட்டீங்களா?"

"உத்தரவு கெடைக்கலீங்க மாப்ள. செவப்பு வந்திருச்சு."

"செவப்பாவது கருப்பாவது! நான் கார எடுத்துட்டு வாரேன். அக்காள நான் கூட்டீட்டுப் போறேன்."

"உங்கக்காகிட்டயே கேளுங்க மாப்ள. அவளே வரமாட்டேங்கறா." போனை அவளிடம் கொடுத்தேன். அவள் தன் தம்பியிடம் சாமிக்காக வாதாடினாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு வசதியாக இருந்தது எனக்கு!

நிழல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. தினமும் எனக்குச் சொல்வாள், மழை எங்கே வரை வந்திருக்கிறது என்று சொல்வது போல. "இன்னிக்கு இன்னுங் கொஞ்சம் உள்ள வந்திருச்சுங்க." அப்படியே உட்கார்ந்து மணி கோத்தாள். சித்திரவதை யாருக்கு என்று கேட்காதீர்கள். எனக்கு என்று சொன்னால் அதுவும் திமிர்தான்.

அமாவாசை வருவதற்குள் ஒரு காலையில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க... உங்க மொகம் தெரியலீங்க."

அதன்பிறகு பூ, அமாவாசை எதையும் அவள் கேட்கவில்லை. நான் ஓடினேன். முதல் முறையாக ஓடினேன்! அதே டாக்டரம்மா. இந்த முறை நாற்காலியை என் பக்கம் திருப்பவில்லை. அவளிடமே பேசினார். "அன்னிக்கே வந்திருக்கலாமேம்மா." ஆபரேஷன் நடந்தது. வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிகிற அளவுக்குத்தான் திரும்பி வந்தது.

சாந்தாமணி டாக்டரிடம் அழவில்லை. "எங்களுக்கு உத்தரவு இல்லீங்க டாக்டர்" என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. ஊசி துணியில் இறங்க வேண்டிய இடத்தில் விரலில் இறங்கியது. முதல் மாதங்களில் வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழும். நிறையப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். அவள் விடாமல் பழகினாள், மெதுவாக, பாதி வேலை அளவுக்கு. அவளுடைய வலது பக்கமாக நான் போனால் திடுக்கிட்டுத் திரும்புவாள். நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே... என்னை அடித்திருக்கலாம்!

வருடங்கள் போயின. சொல்லவில்லை. முதலில் அவள் உடம்பு தேறட்டும் என்றேன். பிறகு மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு பழையதை ஏன் கிளற வேண்டும் என்றேன். என்னிடம் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

போன சித்திரையில் இடது கண்ணில் மின்னல் வெட்டியது.

சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங்க, இந்தக் கண்ணுலயும்..." நான் சாவியை எடுத்தேன். கார் கிளம்பிச் சிறிது தூரம் போனதும், "வெள்ளகோவில் ரோடு அந்தப் பக்கமுங்க" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பூக் கேக்காமயா? வண்டியத் திருப்புங்க. கேக்காம நான் எறங்கவே மாட்டேன். போன தடவ ஆத்தா பொறுன்னு சொன்னா. நம்ம பொறுக்காம ஆபரேஷன் பண்ணுனதுலதான் கண்ணே போச்சோ என்னமோ!"

கேட்டீர்களா? அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்! அமாவாசை வரை பொறுக்காததுதான் தப்பு என்று! அவளை இந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியவன் நான்.

ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினேன். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போயின. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு வந்தது வெள்ளை சாந்தா. நான்தான் செவப்புன்னு பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். அந்த ஒற்றைக் கண்ணால்... இப்போது அறைவாள், இறங்கிப் போய்விடுவாள், எதுவானாலும் சரி என்று காத்திருந்தேன்.

அவள் சிரித்தாள்.

"என்னயக் கூட்டீட்டுப் போறதுக்காக எப்படியெல்லாம் பேசறீங்க!"

"பொய்யில்ல சாந்தா. கையில நசுக்கிப்போட்டேன். ஷாஃப்ட் டெலிவரிக்காக. சத்தியமாச் சொல்றேன், எங்கப்பன் மேல..."

வாயைப் பொத்திவிட்டாள். ஜரிகை உரசிக் காய்த்த விரல். "பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க! செத்தவரு மேல. எனக்காக உங்க தலையில பழியப் போட்டுக்கோணுமா? நீங்களாவது, ஷாஃப்ட்டுக்காக எங்கண்ணக் கெடுக்கறதாவது! இத்தன வருசமா உங்களத் தெரியாதா எனக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி... போங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்தப்பறம் நான் என்ன சொல்றது. ஆஸ்பத்திரிக்கே போங்க."

போனேன். விழித்திரையில் சின்னக் கிழிசல்தான், உரியவில்லை. அன்றைக்கே லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். கண் தப்பியது. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர். எனக்கு அந்தச் சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இவ்வளவுதானா? ஒரு பகல்... ஒரே ஒரு பகல்தானா!

அப்போதாவது மறுபடி சொன்னேனா? வீட்டுக்கு வந்து, நிதானமாக, எதிரில் உட்கார்ந்து, 'அது நிஜம்' என்று? இல்லை. கண் ஆறட்டும் என்றேன்.

கண் ஆறியதும் அவள் செய்த முதல் வேலை, கோயிலுக்குப் போய் எனக்காகத் தப்புக் காணிக்கை போட்டது. "இவரு எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணப் பாத்தாரு ஆத்தா. மன்னிச்சிரு" என்று வாய்விட்டுக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் கை கூப்பி நின்றேன். அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியுமே! எந்தப் பூவைக் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியுமே!

அதோடு விட்டாளா சாந்தாமணி? பார்க்கிற எல்லோரிடமும் சொன்னாள். எங்க ஊட்டுக்காரரு மாதிரி ஒருத்தர் உண்டா என்று. பெண்கள் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கல்யாண வீட்டில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. என் குற்றத்தை நானே சொல்லி, அதற்கு மாலை வாங்கிக்கொண்டவன் நான். இப்படி ஓர் அயோக்கியனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒரே ஆள் மட்டும் என்னைப் புகழவில்லை. கதிர்வேல்.

ஆடி நோன்புக்கு வந்திருந்தான். அவள் கதையைச் சொல்லச் சொல்ல, இலையில் வைத்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். வம்புக்கு இழுக்கவில்லை, எமனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, செருப்பு மாட்டும்போது, "மாமா, கொஞ்சம் வண்டிவரைக்கும் வாங்க" என்றான்.

வாசலுக்கு வெளியே நின்றோம். மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்குப் போனை எங்கக்காகிட்டக் குடுத்தீங்களே மாமா... அப்ப உங்களுக்குத் தெரியுமில்லீங்க? என்ன பூ வந்துதுன்னு."

நான் அவன் கார்ச் சக்கரத்தைப் பார்த்தேன். அதுவே பதிலாகப் போயிற்று.

அவன் என்னை அடிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தான். "நான் கார எடுத்துட்டு வாரேன்னு சொன்னனுங்களே..." என்றான். அதையே இரண்டு தடவை சொன்னான். பிறகு, "நீங்களே அக்காகிட்ட மறுபடி சொல்லுங்க. அவ நம்பற மாதிரிச் சொல்லுங்க. நான் சொன்னா அவ தாங்கமாட்டா. நீங்க சொல்லாம நான் இந்த ஊட்டுல வந்து சோறு தின்ன முடியாதுங்க மாமா."

"சொல்றேன் மாப்ள. தீபாவளி மட்டும் போகட்டும். நல்ல நாளும் அதுவுமா அவ அழ வேண்டாம்..."

என் வாயிலிருந்துதான் வந்தது! அவன் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அவன் வண்டியில் ஏறினான்.

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. சீர் கொண்டுவர அவன் வரவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினான். சாந்தாமணி அவனுக்கென்று எடுத்து வைத்த வேட்டி பீரோவிலேயே இருக்கிறது. போன் செய்தால் அவளிடம் நன்றாகத்தான் பேசுகிறானாம். வரச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றுகிறானாம். தன் மேல் ஏதோ கோபம் என்று நினைக்கிறாள். எப்போது, எதில் தப்புச் செய்தோம் என்று பழைய நாட்களை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்க்கிறாள். தன்னிடமே தேடுகிறாள்!

அவளிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனே, இதுவும் தள்ளிப்போடுவதுதான். எனக்குத் தெரியாமல் இல்லை. இதை எழுதி முடித்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய முடியும். செய்ய மாட்டேன். என் சத்தியத்தின் லட்சணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

அவள் அடுத்த அறையில் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் முன்பு ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, கதிர்வேலு ஏன் நம்ம ஊட்டுக்கு வாரதே இல்ல? நான் ஏதாவது சொல்லிப்போட்டனா?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.

நம்பிவிட்டாள்.